அறுவை அரங்கின் கழிவும் அறுவை மருத்துவரின் மனமும்

ஒரு மருத்துவமனையில் மின்சாரத்தையும் பொருள்களையும் மிக அதிகமாக உட்கொள்ளும் இடம் அறுவை அரங்கு. வான்கூவர், மினியாபொலிஸ், ஆக்ஸ்ஃபர்டு ஆகிய மூன்று நகரங்களின் பெரிய மருத்துவமனைகளை அளந்து 2017-ல் வெளியான ஆய்வு, சதுர அடிக்கு ஆகும் எரிசக்தி என்று பார்த்தால் மருத்துவமனை முழுவதன் சராசரியைவிட அரங்குகளில் 3 முதல் 6 மடங்கு கூடுதலாகச் செலவாகிறது என்று கணக்கிட்டது. அதில் 90 சதவீதத்துக்கும் மேல் விளக்குக்கோ கருவிகளுக்கோ போவதில்லை. காற்றைக் குளிரவைக்கவும் சூடாக்கவும் வடிகட்டவும் சுழற்றவுமே போகிறது. மருத்துவமனைக் கழிவில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அரங்கிலிருந்தே வெளியேறுகிறது. எந்தத் தட்டைத் திறப்பது, எந்தக் கையுறை, எந்தத் துணி, எத்தனை தையல் நூல், நோயாளிக்கு முழு மயக்கமா முதுகில் ஊசியா என்பதையெல்லாம் அங்கே முடிவு செய்பவர் அறுவை மருத்துவரும் அவரோடு நிற்கும் மயக்கவியல் மருத்துவரும்தான். அதனால் சுற்றுச்சூழல் பற்றி அறுவை மருத்துவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பது அவர்களது சொந்த விருப்புவெறுப்போடு நின்றுவிடுவதில்லை. அது மின்கட்டணத்திலும் குப்பை லாரியிலும் காற்றிலும் போய்ச் சேர்கிறது.

காற்று என்றதும் தில்லிவாசிகளுக்கு நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று ஆர்.கே.புரம். மத்திய அரசு ஊழியர்களுக்காக எழுப்பப்பட்ட இந்தக் குடியிருப்பில் மலை மந்திர் முருகன் கோயிலும் தில்லித் தமிழ்ச் சங்கமும் தமிழ்ப் பள்ளியும் இருப்பதால் மூன்று தலைமுறைத் தமிழர்களுக்கு இது சொந்த ஊர் போல. நகரின் காற்றுத்தர அளவீட்டு நிலையங்களில் ஒன்றும் இங்கேதான் இருக்கிறது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் அது காட்டும் குறியீடு 400-ஐத் தாண்டி 'கடுமை' வகைக்குள் போவது செய்தித்தாள் வாசிப்பவர்களுக்குப் பழகிப்போன செய்தி. அப்படிப்பட்ட நாள்களில் நகரம் முழுக்க டீசல் ஜெனரேட்டர்களுக்குக் கட்டுப்பாடு வருகிறது. மருத்துவமனைகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு நியாயமானது. அறுவை நடுவில் மின்சாரம் நின்றால் உயிர் போகும். ஆனால் ஆர்.கே.புரத்தார் நோய் என்றால் ஓடும் சஃப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும் சில கிலோமீட்டர் தூரத்தில் அதே காற்றைத்தான் சுவாசிக்கின்றன. சிகிச்சை தரும் இடம் தன் பங்குக்கு எவ்வளவு புகையையும் கழிவையும் சேர்க்கிறது என்ற கேள்வி இங்கே அருகிலிருந்தே எழுகிறது.

தில்லியில் இந்தக் கேள்வி முதலில் புகைபோக்கியிலிருந்து எழுந்தது. நகரின் குப்பை குறித்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 1996 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட படுக்கைகள் கொண்ட மருத்துவமனைகள் தங்கள் கழிவை எரிக்க எரிகலன் அமைக்க வேண்டும் என்று ஆணையிட்டது. நோக்கம் நல்லதே, ஊசியும் ரத்தத் துணியும் தெருக் குப்பையில் கிடந்த காலம் அது. ஆனால் பி.வி.சி. பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்ஸின் போன்ற நச்சுகள் உருவாகும். நகரின் நடுவே, குடியிருப்புகளுக்கு அருகே, மருத்துவமனைதோறும் எரிகலன் வைப்பது ஒரு ஆபத்தை நீக்க இன்னொன்றை வாங்குவதாகும் என்று 'சிருஷ்டி' என்ற தன்னார்வ அமைப்பும் அதை நடத்திய ரவி அகர்வாலும் வாதிட்டார்கள். எரிப்பதற்கு மாற்று வழிகளும் ஏற்கப்பட்டன. 1998-ல் நாடு முழுமைக்குமான மருத்துவக் கழிவு விதிகள் வந்தன. 2016-ல் அவை புதுப்பிக்கப்பட்டன. இன்று மஞ்சள் பையில் ரத்தம் தோய்ந்த பஞ்சும் திசுவும், சிவப்புப் பையில் குழாய், கையுறை போன்ற பிளாஸ்டிக்கும், வெள்ளைப் பெட்டியில் ஊசி, கத்திகளும், நீலப் பெட்டியில் கண்ணாடியும் உலோகமும் போகின்றன. மஞ்சள் எரிக்கப்படும், சிவப்பு நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கி, மறுசுழற்சிக்குப் போகும்.

இந்த விதிகள் கழிவு உருவான பிறகு அதை எப்படிக் கையாள்வது என்று சொல்கின்றன. கழிவே ஏன் இவ்வளவு உருவாகிறது என்று கேட்பதில்லை. இன்னொரு கோளாறும் உண்டு. அறுவை முடிந்து நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போகும் பரபரப்பில், காகித உறையும் அட்டைப் பெட்டியும் மஞ்சள் பைக்குள் விழுந்துவிட்டால், சாதாரணக் குப்பையும் எரிகலனுக்குப் போகிறது. பையின் நிறத்தை நர்ஸும் உதவியாளரும் கவனிக்கிறார்கள். பையின் எடையைத் தீர்மானிப்பது மேசையருகே நிற்பவர்.

மேசையருகே நிற்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதைப் பெரிய அளவில் கேட்ட ஆய்வுகளில் ஒன்று கண்புரை அறுவையைச் சார்ந்தது. அமெரிக்கக் கண் மருத்துவர் டேவிட் சாங் தலைமையில், 1,300-க்கும் மேற்பட்ட கண்புரை அறுவை மருத்துவர்களிடமும் நர்ஸ்களிடமும் நடத்தி 2020-ல் வெளியிட்ட ஆய்வு அது. அரங்கில் கழிவு மிகையாக இருக்கிறது, குறைக்கத்தான் வேண்டும் என்றார்கள் 93 சதவீதத்தினர். பொருள்களை இன்னும் அதிகமாக மறுபயன்பாடு செய்ய வேண்டும் என்றார்கள் 78 சதவீதத்தினர். புவி வெப்பமாதல் பற்றிக் கவலைப்படுவதாகச் சொன்னவர்கள் 90 சதவீதம். பொதுவாக மருத்துவர்களுக்கு இதிலெல்லாம் அக்கறை இல்லை என்ற எண்ணம் தவறானது என்பதை இந்த எண்கள் காட்டுகின்றன. அக்கறை இருக்கிறது. அது செயலாக மாறுவதற்குள் வழியில் சிக்கிக்கொள்கிறது.

எங்கே சிக்குகிறது என்று பார்த்தால் மூன்று நான்கு இடங்கள் தெரிகின்றன. முதலாவது கிருமித்தொற்றுப் பயம். சீழ் பிடித்த ஒரு நோயாளி அறுவை மருத்துவரின் மனத்தில் வருடக்கணக்காகத் தங்குவார். வளிமண்டலத்தில் சேர்ந்த கரியமில வாயு அப்படித் தங்காது. அடுத்தது, பொருளின் மேல் உற்பத்தியாளர் அச்சடிக்கும் 'ஒரு முறை மட்டும்' என்ற குறி. பல பொருள்களில் அந்தக் குறி மறுபயன்பாடு ஆபத்து என்று சோதித்துக் கண்டதால் இடப்படுவதில்லை. பாதுகாப்பானது என்று நிரூபிக்கும் செலவை ஏற்காமல் இடப்படுகிறது. ஆனால் வழக்கு என்று வந்தால் நீதிமன்றத்தில் நிற்பது அந்தக் குறிதான். மூன்றாவதாக, வாங்குவது நிர்வாகம், பயன்படுத்துவது மருத்துவர். பொருளின் விலை மருத்துவருக்குத் தெரிவதில்லை, அது சேர்க்கும் கழிவின் எடை நிர்வாகத்துக்குத் தெரிவதில்லை. இதெல்லாம் போக, மூத்தவர் எப்படிச் செய்தாரோ அப்படியே செய்வது என்ற தொழில் மரபு இருக்கிறது. ஒவ்வொரு மருத்துவருக்கும் ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் உள்ளதெல்லாம் அறுவைக்கு முன் பிரிக்கப்படும். அதில் ஒரு பகுதி தொடப்படாமலேயே குப்பைக்குப் போகும்.

இந்தச் சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் உலகம் திரும்பிப் பார்க்கும் பதில் ஒன்று மதுரையில் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, இன்று உலகிலேயே அதிகக் கண் அறுவைகள் நடக்கும் அமைப்புகளில் ஒன்று. சுற்றுச்சூழல் அதன் தொடக்க நோக்கத்தில் இல்லை. ஏழைகளுக்கும் பார்வை கிடைக்க வேண்டும், அதற்குச் செலவு குறைய வேண்டும், செலவு குறைய நேரமும் பொருளும் வீணாகக் கூடாது என்று ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிறந்த ஒழுங்கு அது. ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மற்றதில் அடுத்த நோயாளி தயாராகிறார். கண்ணைத் தொடும் கருவிகள் ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக ஆட்டோகிளேவில் கிருமி நீக்கப்பட்டு வருகின்றன. குறுகிய நேரச் சுழற்சி என்பதால் சில செட் கருவிகளே போதும். கவுனை ஒவ்வொருவருக்கும் மாற்றுவதில்லை. கையுறையை இடையிடையே கிருமிநாசினியால் சுத்தம் செய்கிறார்கள். சொட்டு மருந்துப் புட்டி ஒன்று பல நோயாளிகளுக்கு வருகிறது. மேற்கு நாடுகளில் இவற்றில் பல விதிமீறல் ஆகும்.

இந்த முறையின் சுற்றுச்சூழல் கணக்கை காசாண்ட்ரா தீல் என்ற பொறியாளர் அரவிந்த் மருத்துவர்களோடு சேர்ந்து எடுத்து 2017-ல் வெளியிட்டார். நவீன முறையில் ஒரு கண்புரை அறுவைக்கு அரவிந்தில் உருவான கழிவு சுமார் 250 கிராம். அதில் பெரும்பகுதி மறுசுழற்சிக்குப் போனது. வெப்பவாயு வெளியேற்றம் சுமார் 6 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பிரிட்டனின் கார்டிஃபில் அதே அறுவைக்கு 2013-ல் வெளியான கணக்கு சுமார் 180 கிலோ. அதாவது முப்பது மடங்கு. இந்தியாவில் ஆண்டுக்கு 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகள் நடக்கின்றன. அவையெல்லாம் அரவிந்த் கணக்கில் நடந்தால் 36,000 டன். கார்டிஃப் கணக்கில் நடந்தால் 10 லட்சம் டன்னைத் தாண்டும். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே எங்கே போய் நிற்கப் போகிறோம் என்பதை இந்திய அறுவை மருத்துவர்களின் அடுத்த தலைமுறை முடிவு செய்யும்.

அடுத்த கேள்வி எல்லோருக்கும் தோன்றுவது: நோயாளிக்கு என்ன ஆகிறது? கண்புரை அறுவைக்குப் பின் வரக்கூடிய மிக மோசமான விளைவு, கண்ணுக்குள் கிருமி புகுந்து சீழ் பிடிப்பது, பார்வையே போய்விடலாம். அரவிந்தில் ஆர். டி. ரவீந்திரன், ஏ. ஹரிப்பிரியா உள்ளிட்ட மருத்துவர்கள் தொடர்ச்சியாக நடந்த 20 லட்சம் அறுவைகளின் பதிவேட்டை ஆராய்ந்து 2019-ல் வெளியிட்டார்கள். அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க் கொல்லியைச் செலுத்தியபோது இந்தத் தொற்று 0.07 சதவீதத்திலிருந்து 0.02 சதவீதமாகக் குறைந்தது. பத்தாயிரம் பேரில் இரண்டு பேர். ஒவ்வொரு நோயாளிக்கும் எல்லாவற்றையும் புதிதாகப் பிரிக்கும் அமெரிக்காவில், 85 லட்சம் கண்களைக் கொண்ட ஒரு பதிவேட்டு ஆய்வு காட்டிய அளவு 0.04 சதவீதம். நாடுகளுக்கு இடையே நோயாளிகளும் பதிவு முறைகளும் வேறுபடும் என்பதால் ஒன்றை வெற்றி, மற்றதைத் தோல்வி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் கையுறையையும் கவுனையும் ஒவ்வொரு முறையும் எறிவதுதான் தொற்றைத் தடுக்கிறது என்ற நம்பிக்கைக்கு இந்த எண்களில் ஆதாரம் இல்லை.

எறிவதே பாதுகாப்பு என்ற எண்ணம் நோயாளியையே தாக்கிய சம்பவமும் உண்டு. 'பைத்தியப் பசு' நோயின் மனித வடிவம் தொண்டைத் திசு வழியே பரவலாம் என்ற அச்சத்தில், பிரிட்டன் அரசு 2001 தொடக்கத்தில் டான்சில் அறுவைக்கு ஒரு முறை மட்டும் பயன்படும் கருவிகளைக் கட்டாயமாக்கியது. அறுவைக்குப் பின் ரத்தப்போக்கு கூடியதால் அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்து பழைய கருவிகளுக்கே திரும்பியது. கற்பனையான ஆபத்துக்காகக் கையில் இருந்த தரம் கைவிடப்பட்ட கதை என்று இதை அறுவை மருத்துவர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

இனி, இந்தியாவின் தனித்தன்மைக்கு வரலாம். இங்கே மறுபயன்பாடு புதிய கொள்கை இல்லை. அரசு மருத்துவமனைகளில் அது நெடுநாள் நடைமுறை. பச்சைத் துணியைத் துவைத்து, மடித்து, டிரம்மில் அடுக்கி, ஆட்டோகிளேவ் செய்து வைப்பது பழைய நர்ஸ்களுக்குக் கைவந்த வேலை. சிறு துளை வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவைக்கான, 'ஒரு முறை மட்டும்' என்று குறித்த கருவிகளையும் அரங்குகளுக்குள் சத்தமில்லாமல் பலமுறை பயன்படுத்துகிறார்கள். இதைச் செய்யும் மருத்துவர்களில் பலர் இதைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று நினைப்பதில்லை. பணமில்லாததால் செய்ய நேர்ந்த ஒன்று, வெளியே சொல்லக் கூசும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அதனால் வசதி வந்ததும் முதலில் கைவிடப்படுவது இதுதான். தனியார் மருத்துவமனைகளில் துணிக்குப் பதில் எறியும் கவுன், உலோகத் தட்டுக்குப் பதில் முன்கூட்டியே அடைத்த 'கிட்' என்று மாறும்போது, அது தரத்தின் அடையாளமாக விளம்பரப்படுத்தப்படுகிறது. நோயாளியின் பில்லிலும் அது ஏறுகிறது. இந்தப் போக்கு கவலைக்குரியது.

ஆனால் சத்தமில்லாமல் மறுபயன்பாடு செய்வதும் சரியான வழி இல்லை. 2008-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு இலவசக் கண் சிகிச்சை முகாமுக்குப் பின் 60-க்கும் மேற்பட்ட ஏழைகள் அறுவை செய்த கண்ணின் பார்வையை இழந்தார்கள். அப்படிப்பட்ட துயரங்கள் நாட்டின் வேறு இடங்களிலும் நடந்திருக்கின்றன. குறைந்த செலவு என்ற பெயரில் கிருமிநீக்கம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவர்களின் கண்கள் சொல்கின்றன. அரவிந்தின் முறை பாதுகாப்பானதாக இருப்பதற்குக் காரணம் அங்கே குறைவாகப் பயன்படுத்துவது மட்டும் இல்லை. ஒவ்வொரு அறுவையும் பதிவாகிறது, ஒவ்வொரு தொற்றும் எண்ணப்படுகிறது, எண்ணிக்கை உயர்ந்தால் உடனே தேடிப் பார்க்கிறார்கள். எண்ணாமல் சிக்கனம் பிடிக்கிற மருத்துவர், தன் நோயாளியின் உடம்பில் பரிசோதனை நடத்துகிறார்.

கண்புரை அறுவை பெரும்பாலும் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்து நடப்பது. வயிறு, எலும்பு, இதயம் என்று போனால் மயக்க வாயுக்கள் வருகின்றன. நோயாளி மூச்சாக உள்ளிழுக்கும் இந்த வாயுக்கள் உடலில் பெரும்பாலும் மாறுவதில்லை. வெளிவிடும் மூச்சோடு குழாய் வழியே கூரைக்கு மேல் போய்விடுகின்றன. டெஸ்ஃப்ளூரேன் என்ற வாயு நூறாண்டுக் கணக்கில் அதே எடைக் கரியமில வாயுவைவிட சுமார் 2,540 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 240 மில்லி கொண்ட ஒரு புட்டி டெஸ்ஃப்ளூரேன் காற்றில் கலந்தால் ஏறக்குறைய 890 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். செவோஃப்ளூரேன் 250 மில்லி புட்டிக்கு அந்தக் கணக்கு 50 கிலோ அளவுதான். பல அறுவைகளுக்கு இரண்டும் ஒரே வேலையைச் செய்யும். ஸ்காட்லாந்து 2023-ல் டெஸ்ஃப்ளூரேனை நிறுத்தியது. இங்கிலாந்தும் அடுத்த ஆண்டு அதையே செய்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2026 ஜனவரி முதல் மருத்துவக் காரணம் இருந்தாலொழிய அதைப் பயன்படுத்தக் கூடாது. விலை காரணமாக இந்திய அரசு மருத்துவமனைகளில் இது எப்போதுமே குறைவு. பழைய சிரிப்பூட்டும் வாயுவான நைட்ரஸ் ஆக்ஸைடு இங்கே அதிகம். அது வளிமண்டலத்தில் நூறாண்டுக்கு மேல் தங்கி, ஓசோனையும் அரிக்கிறது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழ் மரத்துப்போகச் செய்யும் முறை போதுமான இடத்தில் அதைத் தேர்ந்தெடுப்பது, மயக்கவியல் மருத்துவரும் அறுவை மருத்துவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு.

அப்படி ஒரு முடிவுக்கு வழி திறந்தவர்களில் தமிழ் மருத்துவர் ஜே. ஞானராஜும் ஒருவர். வடகிழக்கு மாநிலங்களின் கிராம மருத்துவமனைகளில், வயிற்றுக்குள் வாயுவைச் செலுத்தி ஊதவைக்காமல் வயிற்றுச் சுவரை ஒரு வளையத்தால் தூக்கிப் பிடித்துக்கொண்டு லேப்ராஸ்கோப்பி செய்யும் முறையை அவர் வளர்த்தார். வாயு அழுத்தம் இல்லாததால் முதுகு ஊசியிலேயே பல அறுவைகள் முடிந்துவிடும். தில்லியின் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில் 100 நோயாளிகளிடம் இதை வழக்கமான முறையோடு ஒப்பிட்டுச் சோதித்து 2020-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பாதுகாப்பில் குறையில்லை என்று தெரிந்தது. குடலிறக்க அறுவைக்கு விலை உயர்ந்த வலைக்குப் பதில் கிருமி நீக்கிய கொசுவலைத் துண்டைப் பயன்படுத்திய ரவீந்திரநாத் தோங்காவ்ங்கரும், மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்ற சிற்றூரிலிருந்து இதே திசையில் யோசித்தவர். உகாண்டாவில் நடந்த ஒப்பாய்வு 2016-ல் அவரது வழிக்கு ஆதரவான முடிவைத் தந்தது. இவர்கள் யாரும் பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டவர்கள் இல்லை. நோயாளியின் சட்டைப்பையைப் பார்த்து எடுத்த முடிவுகள் பூமிக்கும் உதவின.

பிரிட்டனின் அறுவை மருத்துவக் கல்லூரிகள் 2022-ல் சேர்ந்து வெளியிட்ட பசுமை அரங்குப் பட்டியலில் உள்ளவற்றில் பல நம் பழைய நர்ஸ்களுக்குத் தெரிந்தவையே. துவைக்கும் துணி, தேவைப்படும்போது மட்டும் பிரிக்கப்படும் பொருள், வழக்கமாகத் தொடப்படாத கருவிகளைத் தட்டிலிருந்து எடுத்துவிடுதல், முதல் முறை சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவியபின் அடுத்தடுத்த அறுவைகளுக்கு ஆல்கஹால் திரவம். தில்லியில் இவற்றோடு இன்னொன்றையும் முன்னால் வைக்க வேண்டும்: காற்று. மருத்துவமனைகளுக்கான இந்திய அங்கீகார வழிகாட்டி மணிக்குக் குறைந்தது 20 முறை அரங்கின் காற்றை மாற்றச் சொல்கிறது. மே மாதத்தின் 45 டிகிரி வெயிலில் அதைக் குளிரவைத்து, டிசம்பர் புகையில் அதை வடிகட்டி உள்ளே விடுவது பெரிய செலவு. அறுவை நடக்கும்போது அதில் கைவைக்க முடியாது. ஆனால் இரவில் ஆளில்லாத அரங்கிலும் அதே வேகத்தில் விசிறிகள் சுழல்கின்றன. அழுத்தத்தை மட்டும் காத்து, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு பல நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. பழைய கட்டடங்களில் அதற்குத் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். அதைக் கேட்டு வாங்க, துறைத் தலைவராக இருக்கும் அறுவை மருத்துவரின் கையெழுத்து வேண்டும்.

'ஹெல்த் கேர் வித்அவுட் ஹார்ம்' என்ற அமைப்பு 2019-ல் வெளியிட்ட கணக்கின்படி, உலக வெப்பவாயு வெளியேற்றத்தில் 4.4 சதவீதம் மருத்துவத் துறையுடையது. மொத்த அளவில் இந்தியா ஏழாவது இடம். தலைக்கு என்று பார்த்தால் மிகக் குறைந்த நாடுகளில் ஒன்று. பல கோடிப் பேருக்கு இன்னும் அறுவை சிகிச்சையே எட்டவில்லை என்பதும் அந்தக் குறைவுக்கு ஒரு காரணம். ஆகவே இங்கே அறுவைகள் இன்னும் பல மடங்கு பெருகத்தான் வேண்டும், பெருகவும் போகின்றன. அவற்றை எந்த முறையில் பெருக்குவது என்று முடிவு செய்ய இரண்டு பதிவேடுகள் தேவை: ஒவ்வொரு அரங்கும் மாதம் எத்தனை கிலோ மஞ்சள் பை அனுப்பியது என்பது ஒன்று, அதே மாதம் எத்தனை நோயாளிக்குத் தொற்று வந்தது என்பது இன்னொன்று. 2016 விதிகளின்படி பைகளில் பார்கோடு ஒட்டும் முறை இருக்கிறது. எடையும் எழுதப்படுகிறது. தொற்றுக் கட்டுப்பாட்டுக் குழுக்களும் மருத்துவமனைகளில் இருக்கின்றன. இரண்டு பதிவேடுகளையும் ஒரே மேசையில் வைத்து, மாதக் கூட்டத்தில் அறுவை மருத்துவர்கள் பார்க்கும் வழக்கம் மட்டும் பெரும்பாலான இடங்களில் இனிமேல்தான் வர வேண்டும்.